காப்புமோர் போகாத வீடு

எது முதலில் நடந்தது என்பது எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்று சந்தேகமாகத்தான் இருக்கிறது. இட்லி மாவு பொங்காமல் போனதுதான் முதல் என்று நான் நினைக்கிறேன். என் தங்கை பவதாரணியோ செத்த பூனையைத்தான் முதலில் சொல்வாள். அந்தக் கோடையைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே குறைவு. பேசத் தொடங்கினாலும் மாவிலோ பூனையிலோ வந்து நின்றுவிடுவோம். பிறகு இருவரில் ஒருத்தி எழுந்துபோய் ஏதாவது பாத்திரத்தைக் கழுவுவாள். அதனால் நான் எழுதும் வரிசை தவறாக இருக்கலாம். பயம் மட்டும் தவறில்லை. அது இன்னும் அப்படியே இருக்கிறது.

அப்போது நாங்கள் திருச்சியில், வாரியக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்தோம். நான், பவா, அவள் கணவர் ஜம்புகேஸ்வரன். எனக்குக் கிளை நூலகத்தில் வேலை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜம்பு ஷேர் ஆட்டோ ஓட்டினார். மின்சாரம் பாதி நாள்தான் வரும் என்பதால் ஃபிரிட்ஜை எல்லோரும் பாத்திரம் அடுக்கும் அலமாரியாக மாற்றியிருந்தார்கள். கேஸ் விற்ற விலையில் ஒரு வேளைதான் அடுப்பு. மிஞ்சிய எதையும் கொட்ட மனம் வராது. முந்தின நாள் சாம்பாரையும் பொரியலையும் ஒன்றாகப் போட்டுச் சுண்ட வைப்போம். மிஞ்சிய இட்லியை உதிர்த்துத் தாளிப்போம். பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும், கொத்தமல்லித் தண்டு ரசத்தில் போகும். சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்போம். இவ்வளவு பார்த்தும் அந்த வெயிலில் பாதி ஊசிப்போகும். ஊசின குழம்பைக் கொட்டும்போது பவாவின் முகத்தைப் பார்க்க முடியாது. அவள் அப்போது கர்ப்பமாக இருந்தாள். தனக்குள் இருப்பதன் சாப்பாட்டையே கொட்டுவதுபோல் நிற்பாள்.

அந்தச் சமயத்தில்தான் ரேஷன் கடையில் அந்தப் பாக்கெட்டைக் கொடுத்தார்கள். எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கிருமி என்றார்கள். அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று இருந்தது. குடியிருப்பில் யாரோ காப்புமோர் என்று சொல்ல, அதுவே நிலைத்துவிட்டது. பொடியைக் கஞ்சித் தண்ணீரில் கரைத்து மூடி வைத்தால் மறுநாள் மோர்போல வெளுத்திருக்கும். அதில் ஒரு கரண்டியை மிஞ்சிய குழம்பில் கலக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்துத் திறந்தாலும் இப்போதுதான் இறக்கிய குழம்புபோல் இருக்கும். ருசி மாறாது, மணம் மாறாது. தீரும் சமயத்தில் கொஞ்சத்தைப் புதுக் கஞ்சியில் விட்டால் மறுபடி வளர்ந்துவிடும்.

பாக்கெட்டின் பின்பக்கம் சின்ன எழுத்தில், பிறருக்குக் கொடுக்கக் கூடாது, சாக்கடையில் ஊற்றக் கூடாது என்று அச்சடித்திருந்தார்கள். அதை எழுதியவர் எந்த ஊர்க்காரரோ தெரியவில்லை. ஒரு பெண் கையில் டம்ளரோடு வந்து வாசலில் நின்று, கொஞ்சம் உறை இருந்தால் கொடுங்கள் என்று கேட்டால், இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. தயிருக்கு உறை கொடுப்பதுபோலவே இதையும் கொடுத்தோம். மாடிக்கு மாடி போயிற்று. பஸ்ஸில் மடியில் உட்கார்ந்து அம்மா வீட்டுக்கும் நாத்தனார் ஊருக்கும் போயிற்று. தரைத்தளத்துக் கோகிலா, கேட்காதவர்களுக்கும் தானே கொண்டுபோய்க் கொடுப்பாள். தன் கை ராசிதான் குழம்பு கெடாததற்குக் காரணம் என்பாள். ஜம்பு அதைக் கிண்டல் செய்தபோது, "உன் ஆட்டோவுக்கும் ரெண்டு சொட்டு ஊத்தி விடறேன், அதுவாவது கெடாம ஓடட்டும்" என்றாள். படிக்கட்டில் நின்று எல்லோரும் சிரித்தோம்.

ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் யாரும் கொடுக்கவில்லை. நான்காம் மாடியில் சவரிமுத்து, ஜெசிந்தா என்று ஒரு தம்பதி இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. சவரிக்குப் பிணவறையில் வேலை. மோட்டார் அறைச் சாவி விஷயத்தில் அவர்களோடு சண்டை, அதனால் பேச்சுவார்த்தை இல்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டோம். சண்டை நடந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னாலும் அந்த வீட்டுக்கு யாரும் எதையும் கொடுத்ததில்லை, அங்கிருந்து வாங்கியதும் இல்லை. சவரி எதைத் தொட்ட கையோடு வீட்டுக்கு வருகிறார் என்பதும், அதற்கும் மேலாக அவர்கள் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை.

மாவு பொங்காதபோது உளுந்தைக் குறை சொன்னார்கள். தயிர் தோயாதபோது பாலைக் குறை சொன்னார்கள். தண்ணீர் ஊற்றிய சோறு மறுநாளும் புளிப்பே இல்லாமல் இருந்தது. காப்புமோர் படாத பாத்திரத்திலும் அப்படித்தான். பிறகு வெளியே கவனிக்க ஆரம்பித்தேன். குடியிருப்பின் உரக்குழியில் போட்ட வாழைப்பழத் தோல் மஞ்சளாகவே கிடந்தது. கழிவுத் தொட்டி நிரம்பி வழிந்தது. வழிந்ததில் நாற்றம் இல்லை. ஈக்கள் குறைந்தன, பிறகு காணாமலே போயின. மதிலுக்குப் பின்னால் ஒரு பூனை செத்துக் கிடந்தது. வயிறு உப்பவில்லை, வாடை வரவில்லை. வெயிலில் கண்ணைத் திறந்தபடி படுத்திருப்பதுபோலவே நாள் கணக்காகக் கிடந்தது. குழந்தைகள் அதற்கு ஒரு பெயர் வைத்து, போகிற வழியில் கூப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

நூலகத்திலிருந்து வரும் வழியில் குப்பைத் தொட்டிகளின் அருகே நின்று மூச்சை இழுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. ஓர் அழுகல் வாடை வந்தால் போதும் என்றிருக்கும். வராது. ஊர் முழுக்கக் கழுவித் துடைத்து வைத்த வீடுபோல் இருந்தது, ஆளில்லாத வீடு. என் வாழ்நாளில் அப்படி நான் பயந்ததில்லை. அதை யாரிடமும் சொல்லவும் தெரியவில்லை. நாற்றம் இல்லையே என்று எப்படிப் புகார் சொல்வது?

பாக்கெட் கொடுப்பதை நிறுத்தினார்கள். கோகிலா தன்னிடம் இருந்ததைச் சாக்கடையில் ஊற்றினாள். எல்லோரும் அதையே செய்தார்கள். அது இன்னும் பரவியது.

ஆனி மாதம் பவாவுக்குப் பையன் பிறந்தான். பெயர் வைக்கும்வரை இருக்கட்டும் என்று ஜம்பு அவனைப் பெரியவர் என்று கூப்பிட்டார். பெரியவர் சாப்பிட்டாரா, பெரியவர் கோபமாக இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டே ஆட்டோவை எடுப்பார். நன்றாகப் பால் குடித்தான். குடித்த பால் அப்படியே துணியில் வந்தது. வெள்ளையாக, கட்டியில்லாமல். பவா ஒரு நாள் காலை அந்தத் துணியை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, இவன்கிட்டேர்ந்து வாடையே வரல" என்றாள்.

அழவில்லை. உப்பு இல்லை என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். துணியை வாங்கி மடித்து, ஏன் மடிக்கிறேன் என்று தெரியாமல் கொடியில் போட்டேன். அன்றே குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்டு முழுக்க அப்படிப்பட்ட குழந்தைகள். பெரிய அழுகை எதுவும் இல்லை. அழுவதற்கு அவற்றுக்குத் தெம்பு இல்லை. கண்கள் மட்டும் பெரிதாகத் திறந்திருந்தன. எனக்கு மதிலுக்குப் பின்னால் கிடந்தது நினைவுக்கு வந்தது. உடனே வேறு எதையாவது பார்க்க முயன்றேன்.

டாக்டர் ஹசீனா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். பவா உள்ளே குழந்தையோடு இருந்தாள். டாக்டர் தூங்கிப் பல நாட்கள் ஆகியிருக்க வேண்டும். சுவரில் சாய்ந்துகொண்டுதான் நின்றார். பெரியவர்கள் நாங்களும் இதே சாப்பாட்டைத்தானே சாப்பிடுகிறோம், எங்களுக்கு ஏன் ஒன்றும் இல்லை என்று கேட்டேன்.

"நம்ம வயித்துல ஏற்கெனவே குடியிருக்கிறவங்க இருக்காங்கம்மா. பட்டா போட்டு உக்காந்திருக்கிற கிருமிங்க. அதுங்க இருக்கிறதாலதான் சாப்பாடு உடம்புல ஒட்டுது. பிறந்த குழந்தை வயிறு காலி மனை. அங்க முதல்ல போயி வேலி போட்டது இந்தக் காப்புமோர். யாரையும் உள்ள விடாது. அதுவா எதையும் செய்யவும் செய்யாது."

மருந்து இல்லையா என்றேன். கடையில் விற்கும் பொடிகள் எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் நிற்கவில்லை என்றார். பல தலைமுறையாக வீட்டுப் பானையில் வளர்ந்த பழைய உறை கிடைத்தால் அதை ஆய்வறையில் பெருக்கிக் கொடுக்கலாம், அது நின்றுவிடுகிறது, வேறு ஊரில் ஒரு குழந்தை அப்படிப் பிழைத்திருக்கிறது என்றார். கொல்லிமலையில் ஓர் ஊரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். வர நாளாகும்.

"இவனுக்கு அவ்வளவு நாள் இல்லைம்மா" என்றார். "காப்புமோர் போகாத வீடு ஒண்ணுகூடவா உங்களுக்குத் தெரியாது?"

நான்காம் மாடியின் மூடிய கதவு என் கண்முன் வந்தது. எங்கள் அத்தனை பேரின் சின்னத்தனமும் சேர்ந்து ஒரு சட்டித் தயிரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட சந்தோஷமாக இருந்தது. ஜம்புவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, பவாவிடம் சொல்லாமல் கிளம்பினேன். கிடைத்த பிறகு சொல்லலாம் என்று.

வெயில் தாழ்ந்திருந்தது. ஜெசிந்தாதான் கதவைத் திறந்தாள். என்னைவிட இளையவள், ஆனால் தலை பாதி நரைத்திருந்தது. அத்தனை வருஷத்தில் நான் அந்த வாசலில் நின்றது அதுவே முதல் தடவை. என்னென்னவோ யோசித்துக்கொண்டு போயிருந்தேன். கடைசியில் குழந்தைக்கு முடியவில்லை, உங்கள் வீட்டு உறை வேண்டும் என்று மட்டும்தான் சொல்ல வந்தது. அவள் உள்ளே வரச் சொன்னாள். அடுக்களையில் ஒரு மண்சட்டியை எடுத்து, மூடியைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

பால். தோயவில்லை, திரியவில்லை. சட்டியைச் சற்றுச் சாய்த்தாள். தண்ணீர்போல ஓடியது.

"எங்க அம்மா வீட்டு உறை, அக்கா. கல்யாணமாகி வந்தப்போ கொண்டு வந்தேன். ஒரு நாள் விட்டதில்ல. போன மாசத்துலேர்ந்து இப்படித்தான் கெடக்கு."

எப்படி என்றேன். உங்களுக்குத்தான் யாரும் கொடுக்கவில்லையே என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் நிறுத்தினேன். அவளுக்கு அது புரிந்தது.

"பவா குடுத்துச்சு" என்றாள். "வயித்தத் தூக்கிக்கிட்டு மாடி ஏறி வந்து, எல்லாருக்கும் குடுத்திருக்காங்க, உங்களுக்கு மட்டும் தரலைன்னா எனக்கு நல்லால்லன்னு குடுத்துச்சு. இந்த பிளாக்குல எனக்கு ஒருத்தங்க குடுத்த முதல் பொருள். வேணாம்னு சொல்லத் தோணல. அன்னைக்கே குழம்புல கலந்தேன்."

நாங்கள் இருவரும் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே யாரோ தண்ணீர்க் குடத்தை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு படிக்கட்டில் காலடிச் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம். எனக்கு அது யார் என்று தெரிந்துவிட்டது. ஜம்புவால் பவாவிடம் எதையும் மறைக்க முடிந்ததில்லை. குழந்தையை அவரிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள்.

ஜெசிந்தா எனக்கு முன்னால் வாசலுக்குப் போனாள். நான் நடையில் நின்றேன். பவா கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. அவள் முகத்தை எனக்கு விவரிக்கத் தெரியவில்லை. அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது என்பது மட்டும் அந்த முகத்தில் தெரிந்தது.

"ஜெசிந்தாக்கா, நான் குடுத்தேன்ல. அதை என்ன செஞ்சீங்க?"

ஜெசிந்தா பவாவின் முகத்தையே பார்த்தாள்.

"கொட்டிட்டேன்" என்றாள். "நீ எறங்கிப் போனதும் கொட்டிட்டேன்."

"நெசமாவா?"

"ஆமா. கண்டதெல்லாம் எங்க வீட்டுல சேக்க மாட்டேன்."

பவா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் ஜெசிந்தா தான் சொன்னதன் அடுத்த படி என்ன என்று உணர்ந்தாள் என்று நினைக்கிறேன். அவள் தோள்கள் ஒரு தடவை அசைந்தன.

"அப்ப உங்க தயிர் நல்லாருக்கு" என்றாள் பவா. "நல்லாருக்குல்ல? ஒரு கரண்டி போதுமாம்க்கா. ஒரே ஒரு கரண்டி."

"தர மாட்டேன்."

பவாவுக்குக் காதில் விழவில்லை என்று தோன்றியது. மறுபடி கேட்டாள்.

"தர மாட்டேன்னு சொன்னேன். நான் இங்க குடி வந்த அன்னைக்குக் காப்பிக்குப் பால் இல்லாம ஒவ்வொரு வாசலா வந்து நின்னேன். யாரு குடுத்தீங்க? இப்ப உங்களுக்குத் தேவைன்னா மட்டும் எங்க வீட்டுச் சட்டி சுத்தமாயிடுச்சா? போ, கீழ போ."

அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அதனால்தான் அந்தப் பொய் நின்றது.

பவா அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வர முயன்றாள். ஜெசிந்தா என்னைக் கடந்து அடுக்களைக்கு ஓடி, சட்டியைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தாள். பவா வந்து பார்த்தபோது சட்டியின் உட்புறத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது மட்டும்தான் இருந்தது. அது தயிரா பாலா என்று யாருக்கும் தெரியாது. பவா அவளை அடித்தாள். தலைமயிரைப் பிடித்து, மார்பில், முகத்தில் அடித்தாள். ஜெசிந்தா கையைத் தூக்கவே இல்லை. அடிகளுக்கு நடுவே என்னைப் பார்த்தாள். வாய் திறக்காதே என்று அந்தப் பார்வை சொன்னது. நான் வாயைத் திறந்திருந்தால் ஒரே ஒரு வார்த்தையில் அவளைக் காப்பாற்றியிருக்கலாம். அந்த வார்த்தை என் தங்கையின் மேல் அல்லவா விழுந்திருக்கும். நான் பவாவின் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். வேறு எதுவும் செய்யவில்லை.

சத்தம் கேட்டு எல்லோரும் ஏறி வந்துவிட்டார்கள். யாரும் ஜெசிந்தாவிடம் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அவள் அப்படிச் செய்திருப்பாள் என்பதை நம்ப அவர்களுக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. அவங்க புத்தி அப்படித்தான் என்று கோகிலா சொன்னாள். அதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லாதது அன்றைக்கு அந்தப் படிக்கட்டில் சொல்லப்பட்டது. சவரி வேலை முடிந்து வந்தபோது அவர்கள் வீட்டு ஜன்னல் உடைந்திருந்தது. அவரிடம் ஜெசிந்தா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவர் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

ஆடி பிறப்பதற்கு முன்பே குழந்தை போய்விட்டது. பெயர் வைக்கவில்லை. இடுகாட்டில் குழியருகே பவா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மண்ணு இவனை எடுத்துக்குமா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். எடுத்துக்கொள்ளும் என்று சொன்னேன். எனக்கு அது தெரியாது.

கொல்லிமலை உறை அதற்கு அடுத்த வாரம் வந்து சேர்ந்தது. டாக்டர் ஹசீனா அதைப் பெருக்கி வார்டில் மிஞ்சிய குழந்தைகளைப் பிழைக்க வைத்தார். அவர் பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அந்த உறை காப்புமோரை மெல்ல மெல்ல வென்றது. ஐப்பசி மழையில் ஊர்க் குப்பைமேடு நாறத் தொடங்கியதும் ஜனங்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். சவரியும் ஜெசிந்தாவும் வீட்டைக் காலி செய்துகொண்டு மணப்பாறைப் பக்கம் போனார்கள். சவரி சில வருஷங்களில் இறந்தார். ஜெசிந்தா தன் அண்ணன் வீட்டில் இருந்து, வயதாகி, இறந்தாள். கோகிலா மகனோடு கோயம்புத்தூருக்குப் போனாள். ஜம்பு ஆட்டோவை விற்றுவிட்டுக் கம்பெனி பஸ் ஓட்டினார், இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. பவாவுக்கு அதன்பிறகு இரண்டு பெண்கள் பிறந்தார்கள், நன்றாக இருக்கிறார்கள். பவா போன தை மாதம் இறந்தாள். கடைசிவரை அவள் ஜெசிந்தாவை மன்னிக்கவில்லை.